தலையெழுத்தும் முற்றுப்புள்ளியும்

தமிழ் எழுத்துகளுக்குள் பெரியவர், சிறியவர் என்ற பேதம் கிடையாது. ககரம் சொல்லின் முதலில் நின்றாலும் நடுவில் நின்றாலும் அதே ககரந்தான். அரசன் பெயரை எழுதினாலும் ஆண்டியின் பெயரை எழுதினாலும் அதற்கு ஒரே உருவந்தான். நம் பிள்ளைகள் மக்தபில் ஓதக் கற்கும் அரபு எழுத்துகளும் இவ்வாறே. அரபியில் ஓர் எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும். அது அண்டை எழுத்தோடு கைகோத்துக்கொள்வதற்காகவே அன்றி, ஒரு சொல்லை உயர்த்திக் காட்டுவதற்காக அன்று. உருதுவிலும் இதே நிலைதான். அரபு எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கெனச் சில குறிகளைக் கூட்டி நம் முன்னோர் உருவாக்கிய அரபுத் தமிழிலும் பெரிய எழுத்து என ஒன்று இருந்ததில்லை.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போது, வாழ்வில் முதன்முறையாக ஒரே எழுத்துக்கு இரண்டு உருவங்களைச் சந்திக்கிறது. எழுத்துகள் 26 என்று சொல்லிவிட்டு 52 உருவங்களைக் கற்பிக்கிறோம். எதை எங்கே இடுவது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். "பெரிய ஏ, சின்ன ஏ" என்று பாடம் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை வந்த பிறகும் பிள்ளைகள் வரியின் நடுவே தோன்றிய இடத்தில் பெரிய எழுத்தை இடுவதற்கும், தம் பெயரையே சின்ன எழுத்தில் தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

மரக்காணத்தில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தவர்கள் எங்கள் ஊரை அறிவார்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழுவேலி; இடையே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளங்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின் வெளியூர்க்காரர்களும் எங்கள் ஊரை எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் பறவைகள் வந்து போகும். உப்பு வாருகிறவர்கள் இங்கேயே இருப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளுமாகப் பலர், அஸர் தொழுகைக்குப் பின் மக்ரிப் பாங்கு சொல்லும் வரை என் வீட்டுத் திண்ணையில் கூடுவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்களில் சிலர் தாமும் அமர்ந்து கேட்பார்கள். அங்கே கற்பித்தவற்றையும் நான் கண்டவற்றையும் வாசகச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலை என்ற சொல்லிலிருந்து

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைக் 'கேப்பிட்டல்' என்கிறார்கள். தலை என்று பொருள்படும் 'கபுத்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. அப்படியானால் கேப்பிட்டல் லெட்டர் என்பதைத் தமிழில் தலையெழுத்து என்றே சொல்லலாம். இதை நான் சொன்னதும் திண்ணையில் சிரிப்பலை எழும். நாம் தலையெழுத்து என்று எதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியுமல்லவா?

பழைய உரோமானியர்கள் கல்லில் பொறித்தவை எல்லாம் பெரிய எழுத்துகளே. கையால் விரைவாக எழுதியபோது உருவங்கள் சுருங்கி வளைந்தன. கி.பி. 800ஐ ஒட்டி, ஐரோப்பாவில் சார்லமேன் ஆண்ட காலத்தில், தெளிவான சின்ன எழுத்து முறை பரவியது. பக்தாதில் கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் ஆட்சி செய்த அதே காலம் அது. பின்னர் சின்ன எழுத்தே வழக்கமாகி, பெரிய எழுத்து தொடக்கத்துக்கும் சிறப்புக்கும் உரியதாயிற்று. அச்சுக்கூடம் வந்தபோது பெரிய எழுத்துகளின் அச்சுகளை மேல் பெட்டியிலும் சின்ன எழுத்துகளின் அச்சுகளைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்தார்கள். இன்றும் கணினியில் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெட்டிகளின் நினைவுதான் அது.

இவ்வளவும் எதற்கென்றால், இவ்விதிகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல, மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். ஜெர்மானியர்கள் எல்லாப் பெயர்ச்சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கிழமைகளையும் மாதங்களையும் சின்ன எழுத்தில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அதன் வழக்கம். புரியாத ஒன்றுக்கு அஞ்சுவதைக் காட்டிலும், 'இது அவர்கள் வீட்டு வழக்கம், தெரிந்துகொண்டு போவோம்' என்று எண்ணினால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

எங்கெங்கே பெரிய எழுத்து?

முதல் விதி, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. இதில் விலக்கு இல்லை.

இரண்டாவது, 'நான்' என்று பொருள்படும் 'ஐ' எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. இதைக் கற்பித்த அன்று, உப்பளத்தில் தலைச்சுமை தூக்கும் ஒரு மூதாட்டி பேத்திக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "டீச்சரம்மா, நாங்கறதுக்கு மட்டும் பெரிய எழுத்தா? நீ, அவன், நாம எல்லாம் சின்னதா? வெள்ளைக்காரன் தன்னை அவ்வளவு பெரியவனாவா நெனச்சிக்கிட்டான்?" என்றார். அவர் கேட்டது நியாயந்தானே! 'நான்' என்ற அகந்தையை அடக்கச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். உண்மைக் காரணம் அகந்தை அன்று. பழைய ஆங்கிலத்தில் நீண்டிருந்த அச்சொல் தேய்ந்து ஒற்றை எழுத்தாயிற்று. தனித்து நின்ற சின்ன 'ஐ' கையெழுத்துச் சுவடிகளில் கண்ணுக்குத் தப்பிவிட்டதால், எழுதுவோர் அதை உயர்த்தி எழுதினார்கள், அதுவே நிலைத்தது. இதைச் சொன்னதும் அம்மூதாட்டி, "காணாமப் போயிடக் கூடாதுன்னுதான் பெருசா எழுதுறானா? அப்பச் சரி" என்றார். அன்று முதல் என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்விதியை மறந்ததில்லை.

மூன்றாவது, சிறப்புப் பெயர்கள். ஆள், ஊர், நாடு, மொழி, சமயம், கிழமை, மாதம் ஆகியவற்றின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். மரக்காணம் என்பதற்குப் பெரிய எழுத்து. ஊர் என்பதற்குச் சின்ன எழுத்து. வெள்ளிக்கிழமைக்கும் ரமலானுக்கும் பெரிய எழுத்து. கிழமை, மாதம் என்ற பொதுச் சொற்களுக்கும் கோடை, மழைக்காலம் போன்ற பருவங்களுக்கும் சின்ன எழுத்து. 'தமிழ்', 'முஸ்லிம்', 'இஸ்லாமிய' என்ற சொற்கள் வாக்கியத்தின் நடுவே வந்தாலும் பெரிய எழுத்திலேயே தொடங்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இதை அறியாமல் தம் மொழியையும் சமுதாயத்தையும் சின்ன எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். இறைவனைச் சுட்டும் 'அவன்' என்ற சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவது பலரிடம் காணப்படும் மரியாதை வழக்கம். கட்டாய இலக்கணம் அன்று.

பிள்ளைகள் குழம்பும் ஓர் இடம் உறவுமுறை. 'மை ஃபாதர்' என்னும்போது ஃபாதர் பொதுச்சொல், சின்ன எழுத்து. பெயருக்குப் பதிலாக, நாம் 'அத்தா வந்துவிட்டார்' என்பதுபோல, 'ஃபாதர்' என்பதைத் தனித்து வழங்கினால் அது பெயராகிவிடுகிறது; பெரிய எழுத்து. 'என்', 'உன்' போன்ற சொல் முன்னே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சொல்லை அழுத்திக் காட்டுவதற்காகப் பெரிய எழுத்தை இடுவது முறையன்று. முழு வரியையும் பெரிய எழுத்தில் செல்பேசியில் அனுப்புவது இக்காலத்தில் உரக்கக் கத்துவதாகவே கொள்ளப்படுகிறது.

பாத்தியும் வரப்பும்

எழுத்தைவிட வாக்கியமே கடினம். அதைக் கற்பிக்க எனக்குத் துணை நின்றவை எங்கள் ஊர் உப்பளங்களே.

உப்பு விளைவிப்பது எப்படி என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கடல்நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு உண்டு. உப்புநீரை ஒரு பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, செறிவு ஏறியதும் அடுத்த பாத்திக்கு விடுகிறார்கள். போமே அளவில் 25 பாகையை எட்டும்போது கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. பாத்திகளின் வரிசை மாறினால் உப்பு கிடையாது. வரப்பு உடைந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆங்கில வாக்கியமும் ஒரு பாத்தி. பெரிய எழுத்து ஒரு பக்க வரப்பு. முற்றுப்புள்ளி மறுபக்க வரப்பு. உள்ளே எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழில் 'சாப்பிட்டேன்' என்ற ஒரு சொல் முழு வாக்கியம். யார் என்பதை அதன் விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால் எழுவாயை விடக்கூடாது.

அதுபோலவே 'என் அத்தா தச்சர்' என்று வினையே இல்லாமல் தமிழில் முடிக்கலாம், அரபியிலும் முடிக்கலாம். ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் இஸ் எ கார்ப்பென்டர்' என்று 'இஸ்' வந்தே ஆகவேண்டும். வீட்டு மொழி ஒன்றும் ஓதும் மொழி ஒன்றுமாக இரண்டிலும் இல்லாத அந்தச் சிறு சொல்லை நம் பிள்ளைகள் மறப்பதில் வியப்பில்லை.

ஆனால் அரபி நமக்குக் கைகொடுக்கும் இடமும் ஒன்று உண்டு. 'தி' என்ற சொல்லை எங்கே இடுவது என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெருந்தொல்லை. மக்தபுக்குப் போகும் பிள்ளையிடம் கேளுங்கள். 'கிதாப்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'அல்கிதாப்' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். அந்த 'அல்' செய்யும் வேலையைத்தான் பெரும்பாலும் 'தி' செய்கிறது. ஓதிய பாடம் இப்படிப் பள்ளிப் பாடத்துக்கு உதவுவதைக் கண்டு பிள்ளைகள் மகிழ்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மற்றொரு தொல்லை நீளம். 'அம்மா அதிகாலையில் எழுந்து, கஞ்சி குடித்து, உப்பளத்துக்குப் போய், உப்பு வாரி, வெயில் ஏறியதும் வீடு திரும்பினார்.' தமிழில் இது அழகான ஒரே வாக்கியம். எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வர, இறுதியில் ஒரு வினைமுற்று அனைத்தையும் முடித்துவைக்கிறது. இதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் 'அண்ட், அண்ட்' என்று முடிவில்லாமல் ஓடும். மூன்று வாக்கியங்களாகப் பிரிக்கச் சொல்வேன். எழுந்து கஞ்சி குடித்தது ஒன்று. உப்பளம் போய் உப்பு வாரியது ஒன்று. வீடு திரும்பியது ஒன்று. உப்பு விளைந்ததும் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையேல் உப்பே கசந்துவிடும் என்பது எங்கள் ஊர் அனுபவம். கருத்து முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளி இடாத வாக்கியமும் அவ்வாறே கெடும்.

பெயரில் என்ன இருக்கிறது?

'இதெல்லாம் மதிப்பெண்ணுக்காகத்தானே?' என்று சில தாய்மார்கள் கேட்பதுண்டு. அன்று.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. மழை ஓய்ந்த பின் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பாய் விரித்து ஆவணங்களைக் காயவைத்தார்கள். பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. அவற்றை ஒருசேரப் பார்த்தபோதுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஒரே மனிதருக்கு ஒவ்வோர் ஆவணத்திலும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர் இருந்தது!

நூர்ஜஹான் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அதற்கு ஒரே எழுத்துமுறைதான். ஆங்கிலத்தில் 'நூர்' என்பதை இரண்டு 'ஓ' இட்டும் எழுதுகிறார்கள், ஒரு 'யூ' இட்டும் எழுதுகிறார்கள். ஒரே சொல்லாக எழுதினால் ஒரு பெரிய எழுத்து. இரண்டாகப் பிரித்தால் இரண்டு பெரிய எழுத்துகள், நடுவே ஓர் இடைவெளி. முஹம்மது என்ற பெயரையோ 'எம்-ஓ-எச்-ஏ-எம்-இ-டி' என்றும் 'எம்-யூ-எச்-ஏ-எம்-எம்-ஏ-டி' என்றும் இன்னும் பலவாறும் எழுதுகிறோம். காதால் கேட்கும் நமக்கு எல்லாம் ஒன்றே. கணினிக்கோ ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள்.

விண்ணப்பப் படிவங்களில் 'பிளாக் லெட்டர்ஸ்' என்று கேட்பார்கள். அதாவது எல்லாமே பெரிய எழுத்து. அப்போது பெயரின் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் பெரிய எழுத்து காட்டாது. இடைவெளி மட்டுமே காட்டும். கட்டங்களில் ஒரு கட்டத்தைக் காலியாக விட மறந்தால் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும்.

தலைப்பெழுத்தின் கதை இன்னும் சிக்கலானது. தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னே இடுவது தமிழர் வழக்கம். குடும்பப் பெயர் என ஒன்று நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. பாஸ்போர்ட்டிலோ 'சர்நேம்' என்று ஒரு கட்டம் உண்டு. தலைப்பெழுத்தைச் சுருக்கமாக எழுத அங்கே இடமில்லை, விரித்தே எழுத வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கமும் பின்னர் வந்தது. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் எத்தனை தாய்மார்கள் அந்நாட்களில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துக் கலங்கினார்கள் என்பதை நான் அறிவேன்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் தந்தை உப்பளத்தில் மூட்டைக் கணக்கு எழுதுபவர். அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளியில் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் கையொப்பமிட்டு நகர, அவள் நின்றுவிட்டாள். இரண்டு சொல்லாக இருக்கவேண்டிய அவள் பெயர் ஒட்டி அச்சாகியிருந்தது. தலைப்பெழுத்தும் வேறாக இருந்தது. ஆதார் அட்டையின் நகலைக் கொண்டுபோய்க் காட்டித் திருத்தி வாங்கிவந்தாள். சான்றிதழ் அச்சான பின்னர் திருத்துவதென்றால் விண்ணப்பமும் அலைச்சலுமாக மாதங்கள் ஓடியிருக்கும். அன்று மாலை அவள் தந்தை வாசலில் நின்று, "டீச்சர், நாற்பது வருஷமா எம்பேரு எந்தக் காகிதத்துல எப்படியிருக்குன்னு நான் பாத்ததே இல்லை. எம்மவ அவ பேரை அவளே காப்பாத்திக்கிட்டா" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் பேச்சு எழவில்லை.

கற்றதும் கற்க வேண்டியதும்

என் நன்னி அரபுத் தமிழ் நூல்களைத் தடையின்றி வாசிப்பார். அண்டை வீட்டுப் பெண்களைக் கூட்டி மார்க்கச் சட்டங்களைப் படித்துக் காட்டுவார். ஆனால் தமிழ் எழுத்தோ ஆங்கில எழுத்தோ அறியாததால் அரசாங்கக் காகிதங்களில் கைநாட்டு வைத்தார். படித்த பெண்மணி, படிக்காதவர் என்றே பதிவானார்! நம் சமுதாயத்தில் அப்படிப் பதிவானவர்கள் எத்தனை பேரோ!

இந்நிலையை உணர்ந்தவர்கள் அன்றே இருந்தார்கள். இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, தாய்மொழியோடு ஆங்கிலமும் கற்கும்படி முஸ்லிம்களை வற்புறுத்தினார். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி 1892இல் கொழும்பில் தொடங்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது. தமிழகத்தில் வாணியம்பாடியிலும் திருச்சியிலும் கல்லூரிகள் எழுந்தன. 1955இல் நீதியரசர் பஷீர் அகமது சயீத் சென்னையில் பெண்களுக்கெனவே ஒரு கல்லூரி கண்டார். கதவுகளை அவர்கள் திறந்துவைத்தார்கள். உள்ளே நுழையும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது நம் பொறுப்பு.

அதற்கு நீங்கள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய பக்கத்தை எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கியதா? முற்றுப்புள்ளியிலோ கேள்விக்குறியிலோ முடிந்ததா? பெயர்களின் முதல் எழுத்து பெரியதா? வடிவத்தைக் கண்ணால் பார்த்தே இவற்றைக் கேட்டுவிடலாம். அடுத்து, வீட்டிலுள்ள ஆவணங்களை ஒரு நாள் எடுத்து வைத்து, ஒவ்வொருவர் பெயரின் ஆங்கில எழுத்துகளையும் இடைவெளிகளையும் பிள்ளையை விட்டே ஒப்பிடச் செய்யுங்கள். பிறந்த குழந்தைக்குப் பெயரைப் பதியும்போதே ஒரே எழுத்துமுறையை முடிவு செய்து, எல்லா இடங்களிலும் அதையே வழங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் எங்கள் உப்பளங்களில் வேலை இராது. வருமானமில்லாத அம்மாதங்களில் என் திண்ணையில் தாய்மார்களின் கூட்டம் கூடுகிறது. சென்ற மழைக்காலத்தில் நான்கு பெண்கள் தம் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதப் பழகினார்கள். இவ்வாண்டு வாக்கியம் எழுதப் பழகுகிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்குள் கடிதம் எழுதுவார்கள்.